குழி விழாத பித்தளை

1

மேஜைமேல் சில்லறை கொட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். சில்லறை இல்லை. என் மகள் தோழி வீட்டிலிருந்து வந்தவள், கோட்டுப் பையிலிருந்து ஒரு பிடி பித்தளைக் கூடுகளை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் கவிழ்த்திருந்தாள். விரல் நீளம், ஒரு பக்கம் வாய் திறந்தவை. துப்பாக்கியில் சுட்டுத் தள்ளிய தோட்டாக்களின் மிச்சம். ஒன்று உருண்டுவந்து சட்னிக் கிண்ணத்தில் முட்டி நின்றது.

"எல்லாம் காலி அப்பா. சுட்டது" என்றாள்.

அதற்குள் நான் எழுந்து சுவரோரம் போய் நின்றுவிட்டேன். கையில் பிட்ட இட்லி அப்படியே இருந்தது.

"வெறும் பித்தளை!" என்று சிரித்தாள்.

எங்கள் குடும்பத்தில் யாரும் பித்தளையை 'வெறும்' என்று சொல்லமாட்டோம். ஏன் என்பதை நான் அவளுக்குச் சொன்னதில்லை. ஊரில் இருக்கிற சித்தப்பாவுக்கு வலது கையில் மூன்று விரல் இல்லை, ஏதோ விபத்து என்பதுவரைதான் அவளுக்குத் தெரியும்.

நான் சேகர். சொந்த ஊர் திருவொற்றியூர். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டர்னராக இருந்தேன். மனைவி அமுதா நர்ஸ். அவளுக்குத்தான் இங்கே வேலை கிடைத்தது. நானும் எட்டு வயதுப் பெண்ணும் அவளோடு ஒட்டிக்கொண்டு வந்தோம். மொன்டானா மாநிலத்தில் மலைகளுக்கு நடுவே ஒரு சிற்றூர். நான் மரம் அறுக்கும் மில்லில் மெஷின் பழுது பார்க்கிறேன். தமிழ்க் குடும்பம் என்று எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கவேண்டிய கட்டத்தில் அப்பாவின் பெயர் இருந்துவிட்டது. அதைத் திருத்த எந்த அலுவலகத்தில் போய் நிற்பது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். நின்று நின்று அலுத்து, நான் மிஸ்டர் குப்பன் ஆகிவிட்டேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பாவை ஒருவர்கூட மிஸ்டர் போட்டுக் கூப்பிட்டதில்லை. இப்போது தினமும் கூப்பிடுகிறார்கள். கேட்பதற்கு அவர்தான் இல்லை.

மகளுக்குத் தமிழரசி என்று பெயர். பள்ளியில் ஒரே வாரத்தில் அது 'டாமி' ஆயிற்று. தம்பி தணிகாவிடம் போனில் சொன்னேன்.

"டாமியா? இன்னாண்ணா நீ, நம்ம தெருவுல பாதி நாயிக்கி அதாண்ணா பேரு!"

2

இங்கே இலையுதிர்காலம் வந்தால் பாதி ஊர் மான் வேட்டைக்குப் போய்விடும். பெண், பிள்ளை என்ற பேதம் இல்லை. தமிழரசியின் தோழி கேட்டியின் வீட்டிலும் எல்லோரும் போவார்கள். அவர்களோடு சேர்ந்து இவளும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதித் தேறினாள். நான் அரை மனதோடு கையெழுத்துப் போட்டேன். இப்போது அடுத்தது. சுட்ட கூட்டைத் தூக்கி எறியாமல், சுத்தம் பண்ணி, புது வெடிமருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்கும் வேலை. கேட்டியின் அம்மா கேரல்தான் அதைச் சொல்லித் தருகிறவர். வாரநாளில் பள்ளி பஸ் ஓட்டுவார்; சனிக்கிழமை காலையில் துப்பாக்கிக் கழகக் கூடத்தில் வகுப்பு. பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குப் பக்கத்தில் அப்பாவோ அம்மாவோ உட்கார வேண்டும் என்பது விதி.

"அம்மா வரட்டும்" என்றேன்.

"அம்மாவுக்கு சனிக்கிழமை ஷிப்ட்."

"வேற வகுப்பே இல்லையா? தையல், சமையல்..."

"அப்பா!"

என் மகளின் தமிழ் இப்போது அந்த ஒரு சொல்லில்தான் முழுசாக இருக்கிறது. மற்றதெல்லாம் ஆங்கிலம் (நான்தான் இங்கே தமிழாக்கிச் சொல்கிறேன்), நடுவில் இரண்டு தமிழ்ச் சொல் விழுந்தால் என் அதிர்ஷ்டம். பள்ளியிலிருந்து வந்தால் அறைக்கதவு சாத்திக்கொள்ளும். சாப்பிடக் கூப்பிட்டால் 'அப்புறம்'. ஒரு வருஷமாக அவள் என்னோடு சேர்ந்து செய்ய வேண்டும் என்று கேட்டது இது ஒன்றுதான். அதுவும் விதி இருப்பதால். அதனால் போனேன்.

கேரல் நெட்டையான பெண்மணி. பஸ்ஸின் கடைசி சீட்வரை எட்டும் குரல். பாதுகாப்புக் கண்ணாடி போடாதவர்கள் மேஜைக்கு அருகே வரக்கூடாது. வேலை நடக்கும்போது அரட்டை கூடாது. ஒரு மருந்து டப்பா மேஜையில் இருந்தால் இன்னொன்று இருக்கக் கூடாது. "யாருக்காவது அவசரம் இருந்தால் வேறு பொழுதுபோக்குப் பாருங்கள்" என்றார்.

முதல் நாளே நான் மாட்டிக்கொண்டேன். முழுத் தோட்டாவைக் காட்டி "இந்த புல்லட்..." என்று ஏதோ கேட்க வாய் திறந்தேன். பக்கத்து மேஜைப் பையன்கள் சிரித்தார்கள். புல்லட் என்பது முன்னால் இருக்கிற மூக்கு மட்டும்தானாம். பித்தளைக் கூடு தனி, உள்ளே போகும் மருந்து தனி, கூட்டின் அடியில் நடு வட்டத்தில் உட்கார்ந்திருக்கும் சின்னக் கிண்ணம் தனி. அந்தக் கிண்ணத்தில்தான் முதல் நெருப்புப் பிறக்கிறது. துப்பாக்கியின் ஊசி அதைக் குத்தினால் பொறி, பொறியால் மருந்து, மருந்தால் குண்டு. நமக்கு எல்லாமே தோட்டா, எல்லாமே குண்டு. தமிழரசி காது சிவந்து, "அப்பா, பேசாம இருங்க" என்று முணுமுணுத்தாள். தமிழில் சொன்னாள். அதுவரைக்கும் லாபம்.

மேஜையில் பொருத்திய கைப்பிடி மெஷின் எனக்குப் புதிதில்லை. கூட்டை வைத்து இழுத்தால் பழைய கிண்ணம் கீழே விழும், கூடு பழைய அளவுக்கு நெருக்கப்படும். பிறகு புதுக் கிண்ணம் வைத்து அமுக்க வேண்டும். தராசில் நிறுத்து மருந்து போட வேண்டும். வரிசையாக நிறுத்திய கூடுகளுக்குள் விளக்கடித்து எல்லாவற்றிலும் ஒரே மட்டம்தானா என்று குனிந்து பார்க்க வேண்டும். கடைசியில் குண்டு. இருபது வருஷம் லேத்தில் நின்ற கைக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் கூட்டைத் தொட்டதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். தமிழரசி பார்த்துவிட்டு, கூடுகள் இருந்த என் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

3

தணிகா என்னைவிட ஐந்து வயது இளையவன். படிப்பு ஏறவில்லை. மணலி போகும் வழியில் ஒரு பழைய இரும்பு யார்டில் வேலைக்குச் சேர்ந்தான். துறைமுகத்தில் இறங்கும் கன்டெய்னர்களில் பாதி அப்படிப்பட்ட யார்டுகளுக்குத்தான் வரும். எந்த நாட்டில் எது உடைந்ததோ, எல்லாம் அங்கே மலையாகக் கொட்டிக் கிடக்கும். கார் எஞ்சின், உருகிய குழாய், பாலத்துக் கம்பி, சண்டையில் சிதறிய வண்டிகள். இரும்பைத் தனியாக, செம்பைத் தனியாக, பித்தளையைத் தனியாகப் பிரிப்பது தணிகாவின் வேலை. சாயந்தரம் வீட்டுக்கு வந்து கைகால் கழுவினால் கிணற்றடி முழுக்கத் துரு ஓடும்.

"கலீஜ் புட்ச்ச வேலதான், ஆனா எவனும் மேல குந்திகினு அதிகாரம் பண்ணமாட்டான்ணா" என்பான்.

நாங்கள் இங்கே வந்த இரண்டாவது வருஷம் அது நடந்தது. குவியலில் காலிக் கூடுகளோடு ஒரு முழுத் தோட்டா. கைத்துப்பாக்கிச் சமாசாரம் இல்லை, பெரியது. டார்ச் செல் பருமன், ஒரு சாண் நீளம். உடம்பு பித்தளை, மூக்கு இரும்பு. இரும்பையும் பித்தளையையும் பிரிக்க வேண்டுமே. அதற்கு முன்னாலும் யார்டில் ஒன்றிரண்டை அப்படிப் பிரித்திருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை. தணிகா கல்மேல் வைத்து சுத்தியலால் அடித்தான்.

போன் வந்தபோது எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. நாட்டைவிட்டுக் கிளம்பினால் திரும்ப உள்ளே வர முடியாமல் போகலாம் என்று வக்கீல் சொன்னார். வேறு ஒரு அனுமதி வாங்கிக்கொண்டு போகலாமாம், அதற்கு மாதக்கணக்கில் ஆகுமாம். நான் மில்லில் ரம்பம் தீட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவும் இறந்துவிட்டதால், பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் மாற்றி மாற்றி அரசு ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோனார்கள்.

"ராங்கா அட்சிட்டான், பேச்சு சுவாரஸ்யத்துல இருந்தான்" என்று யார்டு முதலாளி சொன்னார். தெருவும் அதையே சொன்னது. நாளாக ஆகத் தணிகாவும் அதையே சொல்ல ஆரம்பித்தான். பக்கத்தில் இருந்தவனோடு கிரிக்கெட் பேசிக்கொண்டே அடித்தானாம். அவன் கவனமாக இருந்திருந்தால் கை இருந்திருக்கும். அவ்வளவுதான் கதை.

ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் ஒரு எஸ்.டி.டி. பூத்துக்கு எழுதிப் போட்டான். மூன்று விரல்தானே போயிருக்கிறது, கட்டைவிரல் இருக்கிறதே, சதவீதம் போதாதே என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போனான். அந்தப் பக்கத்துக் காதும் கேட்பதில்லை என்று நிரூபிக்க இன்னொரு டாக்டர், இன்னொரு சீல். பூத் கிடைத்தபோது ஊரில் எல்லார் சட்டைப் பையிலும் செல்போன் வந்துவிட்டது.

நான் கடைசியில் போய்ப் பார்த்தபோது கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தான். எழுந்து வந்து இடது கையை நீட்டினான். எந்தக் கையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவனும் பேசவில்லை. இங்கே திரும்பும் விமானத்தில் சாப்பாட்டை மூடியபடியே திருப்பிக் கொடுத்தேன்.

4

மூன்றாவது வகுப்பில் கேரல் ஒரு வாளி நிறையக் கூடுகளைக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினார். சுடும் திடலில் தரையிலிருந்து பொறுக்கியவை.

"வேறு எதுவும் செய்வதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடியைப் பாருங்கள்" என்றார். "நடு வட்டத்தில் குழி இருந்தால் ஊசி குத்தியிருக்கிறது, வெடித்து முடிந்தது. குழி இல்லாமல் வழவழவென்று இருந்தால் அது இன்னும் வெடிக்கவில்லை. கையை எடுங்கள், என்னைக் கூப்பிடுங்கள். குழி இருந்தும் மூக்கில் குண்டு உட்கார்ந்திருந்தால் அது வெடிக்கத் தவறியது. அதற்கும் என்னைக் கூப்பிடுங்கள்."

பத்து வயதுப் பிள்ளைகள்கூட அந்த வகுப்பில் இருந்தார்கள். எல்லோரும் கடகடவென்று கவிழ்த்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். நானும் ஒன்றை எடுத்தேன். குழி. இன்னொன்று. குழி. தமிழரசி ஒன்றைக் கவிழ்த்தாள். கையை மெல்ல எடுத்துவிட்டு, "மிஸ் கேரல்" என்றாள். சின்ன வட்டம், பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல்.

"நல்ல கண்" என்று சொல்லி கேரல் அதைத் தனியே எடுத்துப் போனார். அவ்வளவுதான். அடுத்த வேலை ஆரம்பித்துவிட்டது.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். வாசலில் பனி உருகிச் சேறாகக் கிடந்தது. கார் பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். இவ்வளவுதானா? கவிழ்த்துப் பார்ப்பது. பத்து வயதுப் பிள்ளைக்குச் சொன்னால் புரிகிற விஷயம். கன்டெய்னரை அனுப்பியவர்களுக்குத் தெரியும், இறக்கியவர்களில் யாருக்காவது தெரிந்திருக்கும், யார்டு வைத்திருந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சுத்தியல் பிடித்தவனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

தமிழரசி வெளியே வந்தாள். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றக்கூட இல்லை. எரிச்சலாகத்தான் வந்தாள். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அவளையும் அனுப்பிவிடுவார்கள்.

"என்னப்பா?"

சொன்னேன். சித்தப்பா, யார்டு, கல், சுத்தியல். தமிழில் ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாறி, ஆங்கிலம் போதாமல் மறுபடி தமிழுக்கு வந்தேன். முழுசும் புரிந்ததோ என்னவோ. அவள் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"சித்தப்பாவுக்குத் தெரியுமா? அந்தக் குழி விஷயம்?"

"தெரியாது."

"சொல்லுங்க."

"இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது?"

"அவர் கைப்பா" என்றாள். "அவருக்குத் தெரியணும்."

5

அமுதாவுக்கு இதில் சம்மதமே இல்லை. ஷிப்ட் முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அவன் ஒரு மாதிரி மனச தேத்திக்கினு ஒக்காந்துருக்கான். நீ போய் அத்தக் கிண்டாத. வேற எவனோ பண்ண தப்புக்குத் தன் கை போச்சுன்னு தெரிஞ்சா அவனுக்கு நிம்மதியா, இல்ல கூட வலியா? நான் ஆஸ்பத்திரில தெனம் பாக்குறேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. இரண்டு சனிக்கிழமை தள்ளிப்போட்டேன். போன் கார்டைச் சுரண்டி, எண்களை அழுத்தி, வானிலையும் மீன் விலையும் பேசிவிட்டு வைத்தேன். தமிழரசி ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் வந்து நின்று, நான் ரிசீவரை வைத்ததும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். மூன்றாவது சனிக்கிழமை சாயந்தரம் அந்தக் கதவுச் சத்தத்துக்குப் பயந்துதான் கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஞாயிறு காலை. தணிகா அப்போதுதான் பூத்தைத் திறந்திருந்தான். பின்னால் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன் கேட்டுக்கொண்டே இருந்தது.

"தணிகா, அன்னிக்கி வெட்ச்சிதே, அத்தப் பத்தி ஒண்ணு கேக்கணும்டா."

"இன்னாண்ணா, காலங்காத்தால அத்த எட்த்துகினு?"

"அதுக்கு அடியப் பாத்தியா? நடுவால சின்ன வட்டம் ஒண்ணு இருக்கும்."

"ஆங், இர்ந்துச்சி."

"அதுல குழி இர்ந்துச்சா?"

 யாரோ லோக்கல் கால் போடணும் என்று கேட்பதும், இவன் 'அப்பால வாங்க' என்பதும் கேட்டது.

"இல்லண்ணா. மத்ததுல்லாம் நடுவுல நசுங்கி இர்ந்துச்சி. அது மட்டும் புச்சு கணக்கா பளபளன்னு இர்ந்துச்சி. அதாண்ணா மொதல்ல எட்த்தேன். நல்ல சரக்குன்னு."

ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். பிறகு சொன்னேன். ஊசி, குழி, கிண்ணம், மருந்து. அந்தச் சனிக்கிழமைகளில் கற்றுக்கொண்ட எல்லாவற்றையும் அவனுடைய பாஷையில் சொன்னேன்.

"அப்ப அது உசுரோட இர்ந்துச்சா?"

"ஆமாண்டா."

"நான் ராங்கா அடிக்கல?"

"எப்டி அட்ச்சாலும் அது வெடிக்கிற பொருள்தாண்டா. நீ கிரிக்கெட் பேசுனதுக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்ல."

"அல்லாரும் என்னியத்தானண்ணா சொன்னாங்க. நானும் அத்தயேதான் நென்ச்சிகினு கீறேன், இத்தினி வருசமா." குரல் உடையவில்லை. தூரமாகப் போயிற்று. "இத்த ஒர்த்தனுக்கு சொல்லணும்னா எம்மா நேரம் ஆவும்ணா?"

"எத்த?"

"அடியப் பாரு, குழி இல்லாங்காட்டி தொடாதன்னு."

"ஒரு நிமிசம் ஆவாது."

"ஒரு நிமிசம்" என்றான். போனை வைத்துவிட்டான். எப்போதும் 'வெச்சிடட்டாண்ணா?' என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பான்.

அடுத்த வாரம் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போட்டுக் கேட்டால், பூத் பூட்டியிருக்கிறது, வீட்டில்தான் படுத்திருக்கிறான், சரியாகச் சாப்பிடுவதில்லை என்றார்கள். அமுதா, நான் சொன்னேனே என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. மில்லில் அந்த நாட்களில் நான் யாரோடும் பேசவில்லை. வகுப்புக்கு மட்டும் போய்வந்தேன். கேரல் என் தட்டில் இருந்த தோட்டாக்களை ஒவ்வொன்றாக அளந்து பார்த்து, "மிஸ்டர் குப்பன், சரியாக இருக்கிறது" என்றார். சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. படவில்லை.

6

ஒரு நாள் தணிகாவே கூப்பிட்டான். இந்தப் பக்கத்துக்கு அவன் போட்ட முதல் போன் அது.

"அண்ணாத்தே, எனக்கு ஒரு காலி கூடு வேணும். அடியில குழி வுயுந்தது. அனுப்புறியா?"

"இன்னாத்துக்குடா?"

யார்டுக்குப் போயிருக்கிறான். அந்தக் கேட்டுக்குள் கால் வைத்து ஐந்து வருஷம் ஆயிற்று. உள்ளே இப்போது வேறு ஆட்கள், வேறு முதலாளி. பித்தளை பிரிக்கிற இடத்தில் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கையைக் காட்டி, குழி, வட்டம் என்று சொல்லியிருக்கிறான். பேஜார் பண்ணாதே என்று முதலாளியின் ஆள் வெளியே தள்ளிவிட்டான். எதிரே இருக்கிற டீக்கடையில் உட்கார்ந்து, வேலைவிட்டு வருகிறவர்களிடம் மறுபடி சொல்லியிருக்கிறான்.

"வாயால சொன்னா வெளங்கலண்ணா. சாமானக் கண்ணுல காட்டுனாத்தான் புரியும்."

கேரல் காலிக் கூடு இரண்டு கொடுத்தார். பஞ்சில் சுற்றி, டப்பாவில் வைத்து, தபாலாபீஸ் வரிசையில் நின்றேன். உள்ளே என்ன என்று கவுன்ட்டர் பெண் கேட்டாள். பொய் சொல்ல வரவில்லை. "சுட்ட தோட்டாவின் கூடு. காலி. இந்தியாவில் என் தம்பிக்கு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், உள்ளே போய் ஒருவரை அழைத்துவந்தாள். எதற்கு என்றார் அவர். யார்டில் இருப்பவர்களுக்குக் காட்ட என்றேன். என்ன யார்டு என்றார். எனக்குப் பின்னால் நின்றவர் ஓரடி தள்ளி நின்றுகொண்டார். என்னைப் போன்ற நிறமுள்ளவன், நியூயார்க்கில் இரட்டைக் கோபுரம் விழுந்த பிறகான அந்த வருஷங்களில், ஒரு கவுன்ட்டரில் நின்று சொல்லக்கூடாத சொற்களை எல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டேன் என்று அப்புறம்தான் உறைத்தது. யாரும் அதட்டவில்லை. சார் என்றுதான் பேசினார்கள். மரியாதை கூடக்கூட எனக்கு வியர்த்தது. ஒரு மணி நேரம் உட்காரவைத்து, பெயர் எழுதிக்கொண்டு, இது போகாது என்று டப்பாவை என் கையில் கொடுத்தார்கள். குப்பன் என்று எழுதிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து டப்பாவை மேஜையில் வைத்தேன். தமிழரசி பார்த்தாள்.

"படமா வரைஞ்சு அனுப்பலாமேப்பா. படத்துக்கு யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

பெரிய அட்டை ஒன்றை எடுத்துத் தரையில் விரித்துப் படுத்துக்கொண்டாள். ஒரு பக்கம் வாய் திறந்த கூடு, அதன் அடி, நடுவில் குழி, பச்சை நிறம். இன்னொரு பக்கம் மூக்கோடு முழுத் தோட்டா, அதன் அடி, வழவழப்பான வட்டம், சிவப்பு. எழுத்தை நான் எழுதித் தருகிறேன் என்றேன். கேட்கவில்லை. அவளுடைய தமிழ் எழுத்து மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வரைந்தாள். நான் அடுப்பில் குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்து பார்ப்பதற்குள் சுருட்டி, ஒட்டி, முகவரியும் எழுதிவிட்டாள். மறுநாள் அவளே போய் அதே கவுன்ட்டரில் போட்டுவிட்டு வந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம்.

7

அட்டை போய்ச் சேர்ந்த செய்தியைத் தணிகா சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் சிரித்து நான் கேட்டு எவ்வளவு நாள் ஆயிற்று என்று அப்போது தெரிந்தது.

"அண்ணாத்தே, பாப்பா இன்னா எய்தி கீது தெரியுமா? செவப்புல, இம்மாம் பெர்சா, 'தோடாதே'ன்னு!"

தொடாதே என்று எழுத நினைத்திருக்கிறாள். கொம்பு மாறிவிட்டது. வடசென்னைக்காரனுக்கு 'தோடா' என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. எவனாவது ரொம்ப அலட்டிக்கொண்டால், இவனைப் பார்றா என்று கேலி பண்ணுகிற சொல்.

"டீக்கடைல ஒட்டுனேன். வர்றவன் போறவன்லாம் 'தோடா!'ன்னு சிரிக்கிறான். எவன்டா எய்துனதுன்றான். எங்கண்ணன் பொண்ணு, அமெரிக்காவுல கீதுன்னேன். அதுக்கு இன்னும் சிரிக்கிறான். ஆனா அல்லாரும் நின்னு படிக்கிறாங்கண்ணா. படிச்சிட்டு, இன்னா மேட்டர்னு என்னியக் கேக்குறாங்க."

இலையுதிர்காலத்தில் தமிழரசி கேரலின் குடும்பத்தோடு மலைக்குப் போனாள். தான் செய்த தோட்டாக்களைத் தானே எடுத்துக்கொண்டு போனாள். நான் போகவில்லை. அன்று முழுக்க, அழுக்கே இல்லாத வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தேன். குளிரில் விறைத்து, மான் எதுவும் இல்லாமல் ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்து, சூடாக ரசம் கேட்டாள். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தாள். நான் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கிற பழக்கம் எனக்கு இனிப் போகாது.

அப்போதுதான் போன் வந்தது. தணிகாவுக்கு மூச்சு வாங்கியது.

"இன்னிக்கி காத்தால ஒண்ணு வந்துச்சிண்ணா. மெய்யாலுமே. புதுசா எறக்குன லோடுல. ஒரு பொண்ணு கையில எட்த்து, கவுத்துப் பாத்துட்டு, அப்டியே மெதுவா கீய வெச்சிட்டு, 'ஏ தோடா! தோடா!'ன்னு கத்துச்சாம். அல்லாரும் சுத்தி சம்மட்டி அங்கியே போட்டுட்டு ரோட்டுக்கு ஓடியாந்துட்டாங்க. ஓனரு உள்ள நின்னுகினு, வேலயப் பாருங்கடான்னு கத்துறாரு. ஒர்த்தனும் போவல. அப்பால போலீஸ் வந்து, மணல் வாளில வெச்சி எட்த்துகினு போச்சி."

"யாருக்கும்..."

"யாருக்கும் ஒண்ணியும் ஆவலண்ணா. அல்லாரும் டீக்கடைல குந்திகினு கீறாங்க. நானும் இங்கதான் கீறேன்."

பின்னால் கும்பலாக ஆட்கள் பேசுவதும், கிளாஸ் கழுவுகிற சத்தமும் கேட்டன. அமுதா ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றாள். என் முழங்கையைப் பிடித்திருந்தாள். தமிழரசி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். என்ன தப்பாக எழுதினோம் என்று அவளுக்கு அதற்குள் சொல்லியிருந்தேன். வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா, நான் சரியா எழுதி வேற அனுப்பறேன்" என்றாள், அவளுடைய அமெரிக்கத் தமிழில்.

அந்தப் பக்கத்திலிருந்து அவன் சொன்னது எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது.

"வேணாங்கண்ணு. அப்டியே இருக்கட்டும். யார்டுல இப்ப குழி வுயாததுக்கு அதான் பேரு."